சாப்பிட்டால் ரத்தம் ஊறிவிடுமா?

"உடம்பு இளைச்சது சரி, முகத்துல ரத்தமே இல்லையே. ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையா?"

நான்கு வருடமாக இதை யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். பெரியம்மா கேட்டார். ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். ரத்தம் எடுக்க வந்தவர்கூட, கையைத் தட்டித் தட்டி நரம்பைத் தேடிக்கொண்டே கேட்டார். அக்கறையில்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. எடை குறைய வேண்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள், அதான் இப்படி வெளுத்துப்போய் நிற்கிறாள் என்று. ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து விளக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

எனக்கு நடந்தது இரைப்பை பைபாஸ், எடையைக் குறைக்கச் செய்யும் ஆபரேஷன். அப்போது என் எடை 118 கிலோ. இன்று 72. சர்க்கரை மாத்திரை நின்றது. மாடிப்படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குவது நின்றது. ராத்திரி மூச்சு அடைத்து எழுந்து உட்காருவதும் நின்றது. "இதுக்குத்தான் ஆபரேஷன் எல்லாம் வேண்டாம்னு சொன்னேன்" என்று கமெண்ட் போடத் தயாராக இருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். மறுபடி கேட்டாலும் செய்துகொள்வேன். என் கோபம் ஆபரேஷன் மேல் இல்லை. அதற்குப் பிறகு என்ன வரும் என்பதை அரை வாக்கியத்தில் சொல்லி முடித்துக்கொண்டார்களே, அதன் மேல்தான். "வைட்டமின் மாத்திரை எல்லாம் தொடர்ந்து போட்டுக்கணும் மா." அவ்வளவுதான் சொன்னார்கள். அந்த "எல்லாம்" என்ற சொல்லுக்குள் என் அடுத்த நான்கு வருடமும் அடங்கியிருந்தது.

உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் பிரித்து, ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பை ஆக்குகிறார்கள். அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பக்கம் கொண்டுபோய் இணைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பையும் சிறுகுடலின் முதல் பகுதியும் உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியாகப் போகாது. இங்கேதான் சிக்கல். உடம்பு இரும்புச்சத்தைப் பெரும்பாலும் உறிஞ்சுவது அந்த முதல் பகுதியில்தான். இரும்பு இறங்க வேண்டிய ஸ்டேஷனில் இப்போது ரயில் நிற்பதே இல்லை. போதாததற்கு, சாப்பாட்டில் இருக்கும் இரும்பைக் குடல் எடுத்துக்கொள்கிற வடிவத்துக்கு மாற்ற இரைப்பை அமிலம் வேண்டும். அந்தச் சின்னப் பையில் அமிலம் சொற்பம். புண் வரக்கூடாது என்று கொடுக்கிற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, மிச்சம் மீதி இருந்ததையும் அடக்கிவிடும்.

ஸ்லீவ் என்ற இன்னொரு எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் "எங்களுக்குக் குடலைத் தொடவே இல்லையே" என்று சும்மா இருந்துவிட வேண்டாம். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்த பிறகு அங்கேயும் அமிலம் குறையும், சாப்பிடும் அளவும் குறையும். பைபாஸ் அளவுக்கு இல்லாவிட்டாலும் அவர்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவு வரும்.

ஆக, சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பது வழி திறந்திருக்கும் உடம்புக்குச் சரி. என் உடம்பில் வழியையே மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் எவ்வளவு சத்தாகச் சாப்பிட்டாலும் பெரும்பகுதி பார்த்துக்கொண்டே கடந்து போய்விடும்.

சரி, இது எனக்கு எப்போது தெரிந்தது? ஐஸ் வழியாக.

இரண்டாவது வருடத்தில் எனக்கு ஐஸ் கட்டி கடிக்கும் பழக்கம் வந்தது. முதலில் தண்ணீரில் மிதப்பதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். அப்புறம் தண்ணீரே தேவைப்படவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, ஐஸ் தட்டை முறுக்கி, கட்டிகளைக் கிண்ணத்தில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கடைவாயில் வைத்து நொறுக்குவேன். அந்த 'நறுக்' சத்தத்தில் ஒரு நிம்மதி இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். கடித்த கொஞ்ச நேரத்துக்குத் தலையில் இருக்கும் மூட்டம் விலகின மாதிரி இருக்கும். தட்டு காலியானால் எரிச்சல் வரும். பெரிய மகள் ஒருநாள் தூக்கக் கலக்கத்தோடு வந்து, "எலி எதையோ கடிக்குதுன்னு நெனச்சேன்மா" என்றாள்.

இரும்புச்சத்துக் குறைவின் நல்ல தெளிவான அடையாளங்களில் இது ஒன்று என்று எனக்கு அப்போது தெரியாது. சிலருக்கு மண், சிலருக்கு சாக்பீஸ், எனக்கு ஐஸ். ராத்திரி படுத்தால் கால் ஒரு இடத்தில் இருக்காது, உதறிக்கொண்டே இருக்கத் தோன்றும். அதுவும் இதே கணக்குத்தான் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. முடி கொட்டியது. ஆபரேஷன் ஆன முதல் ஆறேழு மாதத்தில் முடி கொட்டுவது சகஜம், எடை வேகமாகக் குறைகிற அதிர்ச்சியில் வருவது, தானாக நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் இரண்டாம் வருடம் கொட்டியதையும் அதே கணக்கில் எழுதிவிட்டேன். நகம் தட்டையாகி, கட்டைவிரல் நகத்தின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தங்கும் அளவுக்குக் குழிந்தது. பாத்திரம் தேய்க்கிற சோப்பு மாற்றியதால் என்று நினைத்துக்கொண்டேன். மனசு எவ்வளவு சாமர்த்தியமாகச் சாக்கு கண்டுபிடிக்கிறது பாருங்கள்.

இதற்கு நடுவே, ஒன்றரை வருடம் முடிந்தபோது வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஹீமோகுளோபின் 12.1. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. ஆகவே "நார்மல்" என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தார்கள். களைப்பாக இருக்கிறது என்றேன். "எடை இவ்வளவு குறைஞ்சிருக்கு, களைப்பு இருக்கத்தானே செய்யும்" என்றார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இந்தப் பதிவை எழுதியதே இதற்காகத்தான்.

ஃபெரிட்டின் என்பது உடம்பு இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். ஹீமோகுளோபின் குழாய் என்றால் ஃபெரிட்டின் மாடித் தொட்டி. தொட்டி அடிமட்டத்துக்கு வந்தாலும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். கீழே நின்று குழாயை மட்டும் திறந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. குழாய் சொட்ட ஆரம்பிக்கும்போது தொட்டி காலியாகி நாளாகியிருக்கும். உடம்பில் மொத்தம் மூன்று நான்கு கிராம் இரும்புதான். சிவப்பணுக்கள் 120 நாளில் சாகும்போது உடம்பு அதிலிருக்கும் இரும்பை எடுத்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். அதனால்தான் வரவே இல்லாமலும் பல மாதம் ஓட்ட முடிகிறது. வெளியிலிருந்து தினம் வேண்டியது ஒன்று இரண்டு மில்லிகிராம்தான். அந்த ஒன்று இரண்டுகூட வராமல், மாதவிலக்கில் மட்டும் போய்க்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? என் கதைதான் ஆகும்.

அன்றைக்கு அந்தச் சீட்டில் ஃபெரிட்டின் என்று இன்னொரு வரி எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே பிடிபட்டிருக்கும். எழுதவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் படிக்கட்டின் பாதியில் கண் இருட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது ஹீமோகுளோபின் 8.4, ஃபெரிட்டின் 4. ஃபெரிட்டின் 30-க்குக் கீழே போனாலே இரும்பு குறைவு என்று அர்த்தம். நாலு என்பது தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஈரம்.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே இதைப் பார்க்க வேண்டும் என்பதும் என் கட்சி. உடல் பருமனோடு வரும் உள்-அழற்சி, ஹெப்சிடின் என்ற ஹார்மோனை ஏற்றி இரும்பு உள்ளே வரும் கதவைச் சாத்திவைக்கும். அதே அழற்சி ஃபெரிட்டின் எண்ணைப் பொய்யாகத் தூக்கியும் காட்டும். அதனால் கூடவே டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும், பார்த்தால்தான் உண்மை தெரியும். பலர் பாதித் தொட்டியோடுதான் ஆபரேஷன் மேசையில் போய்ப் படுக்கிறோம்.

அப்புறம் மாத்திரைக் காலம். இதைப் பற்றித் தனியாக ஒரு புராணமே பாடலாம். இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒன்றாகப் போகக்கூடாது, குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியமோ ஒரே வேளையில் மொத்தமாகப் போட முடியாது, பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். டீ, காபி குடித்தால் அதற்கும் இடைவெளி. என் செல்போனில் தினம் ஐந்து அலாரம். மீட்டிங்கில் அலாரம் அடிக்கும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், நான் எதுவும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். வயிறு கட்டும், வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பின ருசி. வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்று மெதுவாகக் கரையும் வகை ஒன்றை எழுதிக் கொடுத்தார் ஒருவர். பைபாஸ்காரர்களுக்கு அது ஏறக்குறைய வீண். கரைவதற்குள் உறிஞ்சுகிற இடத்தைத் தாண்டிப் போய்விடும். தினமும் போடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் ஏறுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஒரு மாத்திரை போட்டதும் அந்த ஹெப்சிடின் ஏறி மறுநாள் வரை கதவைச் சாத்திவிடுகிறது, அதுதான் காரணம். ஆனால் அந்த ஆராய்ச்சிகள் குடல் முழுசாக இருந்த பெண்களிடம் செய்தவை. நமக்கு எது சரி என்பதை நம் டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும், பயப்பட வேண்டாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பைபாஸில் இணைத்த இடத்தில் புண் வந்து உள்ளே ரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகத்தான் போகும். தார் மாதிரிப் பிசுபிசுவென்று, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தலைவலிக்கும் முட்டிவலிக்கும் நாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகளில் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகையறா இந்தப் புண்ணுக்கு நேர்வழி.

ஐந்து மாதம் மாத்திரை போட்டும் ஃபெரிட்டின் நாலிலிருந்து ஏழுக்கு வந்தது. அப்போதும் ஒருவர் கேட்டார்: "ஒழுங்கா போட்டீங்களா?" ஐந்து அலாரம் வைத்தவளைப் பார்த்து. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கடைசியில் ரத்தநோய் மருத்துவர் ஒருவர்தான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். எடையை, இருக்க வேண்டிய ஹீமோகுளோபினுக்கும் இருக்கும் ஹீமோகுளோபினுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, சேமிப்புக்கு ஒரு 500 சேர்க்க வேண்டும். கான்சோனி சூத்திரம் என்று பெயர். 72 கிலோ, 15-க்கு 6.6 குறைவு. ஏறக்குறைய 1640 மில்லிகிராம் வந்தது. "இவ்வளவு பள்ளத்தை மாத்திரையால நிரப்பப் பார்த்தா நீங்களும் களைச்சுப் போவீங்க, நானும் களைச்சுப் போவேன்" என்றார். என்மேல் தப்பில்லை என்று ஒருவர் எண்ணால் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரும்பை நரம்பு வழியாக இரண்டு தவணையில் ஏற்றினார்கள். பாட்டிலில் அது கெட்டியான டிக்காஷன் நிறம். குழாய் வழியாக அந்தப் பழுப்பு மெல்ல இறங்கிக் கையை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊசி விலகி வெளியே கசிந்தால் தோலில் கறை படிந்து மாதக்கணக்கில் போகாது என்பதால் நர்ஸ் கையை அசைக்கவிடவில்லை. அபூர்வமாக ஒவ்வாமை வரலாம், அதனால் முடிந்த பிறகும் அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். சில வகை மருந்தில் ரத்தத்தில் பாஸ்பேட் குறையும், எலும்பு வலித்தால் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்கள். பெரிய மாயம் எதுவும் அன்றைக்கே நடக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒருநாள் மாடிக்குத் துணி காயப்போட ஏறினேன். மேலே போன பிறகுதான், நடுவில் நிற்கவே இல்லை என்று உறைத்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும். பி12 குறைந்தால் பெரிதாகும். பைபாஸில் இரண்டுமே குறையலாம். அப்போது சராசரி அளவு நடுவில் வந்து "நார்மல்" என்று நிற்கும். இரும்பு ஏற்றியும் ஹீமோகுளோபின் அசையாவிட்டால் பி12, ஃபோலேட் பார்க்கச் சொல்லுங்கள், தாமிரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தாமிரக் குறைவை யாரும் சீக்கிரம் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஏற்றியதும் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. வழி மூடியேதான் இருக்கிறது, செலவு நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை போல ஏற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். இப்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஃபெரிட்டின் என்று இருக்கிறதா என்று நானே பார்க்கிறேன். இல்லாவிட்டால் எழுதச் சொல்லிக் கேட்கிறேன். "ஹீமோகுளோபின் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். இருக்கட்டும், எழுதுங்கள் என்பேன்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள், ஃப்ரிட்ஜைத் திறந்ததும் கை தானாக மேல்தட்டுக்குப் போனது. இரண்டு கட்டி வாயில் போய் நொறுங்கிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று விளங்கியது. காலையில் முதல் வேலையாகப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 12.6, ஃபெரிட்டின் 17. வியாழக்கிழமைக்கு நாள் வாங்கியிருக்கிறேன்.