அம்மாவை மனுஷியாகவே எழுதலாம்

"அம்மா போய் வருஷம் ஆகப்போகுது, இன்னும் எதுக்கு அவங்களைப் பத்தியே எழுதிட்டிருக்க?" என்று சித்தப்பா போனில் கேட்டார். அக்கறையில்தான் கேட்டார். பதினாறாம் நாள் காரியத்தோடு அழுகையை முடித்துக்கொள்வது அவர் வளர்ந்த முறை. ஆண்பிள்ளை என்றால் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போதே முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. தாயை இழந்த துயரத்தைத் தமிழில் பாடியவர் என்றதும் நினைவுக்கு வரும் பட்டினத்தார் ஒரு துறவி. காவிரிப்பூம்பட்டினத்தில் சொத்து, வீடு, உறவு எல்லாவற்றையும் விட்டுப் போனவர், தாய்க்குக் கொள்ளி வைக்க மட்டும் வந்து நின்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பச்சை வாழைமட்டையை அடுக்கி, பாடியே தீ மூட்டினாராம். அந்த அதிசயத்தைவிட, அன்று பாடியதாகச் சொல்லப்படும் 10 பாடல்களில் அவர் எதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறார் என்பதுதான் என்னை உலுக்குகிறது. 'வட்டிலிலும் தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும் கட்டிலிலும் வைத்தென்னைக் காதலித்து' என்று தன்னை வைத்திருந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வாய்க்கரிசி போடப் போகும்போது, தன்னைத் தேனே, அமிர்தமே என்று கூப்பிட்ட வாயாயிற்றே என்று கை நடுங்குகிறது. எல்லாம் சிவமயம் என்று பாடக்கூடியவருக்கே அந்த நேரத்தில் அம்மாவின் தோளும் வாயும் வேண்டியிருந்தன.

ஒப்பாரியிலும் இதுதான் நடக்கிறது. அம்மாவுக்காக மகள் பாடும்போது பாசம் மட்டுமா வருகிறது? இனி பிறந்த வீட்டில் என்னை யார் வா என்பார்கள், அண்ணி முகம் கொடுப்பாளா என்று மனத்தாங்கலும் சேர்ந்தே வரும். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்கள் முன்னாலேயே, அவர்கள் காதில் விழும்படி பாடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் இவ்வளவு நேர்மையாகத் துக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

நாம் போடும் கண்ணீர் அஞ்சலி பேனர்களிலோ எல்லா அம்மாக்களும் ஒரே அம்மாதான். அன்பே உருவானவள், தியாகச் சுடர், மீளாத் துயரில் குடும்பத்தார். போட்டோவை மாற்றினால் எந்த வீட்டு வாசலிலும் கட்டலாம். அம்மாவைத் தெய்வமாக்கிவிட்டால் அவளுடைய கோபம், பிடிவாதம், ஆசை எதையும் பேச முடியாமல் போய்விடுகிறது. இழந்தது அந்த ஆளைத்தானே?

என் அம்மாவுக்குச் சமைக்கவே பிடிக்காது. கைமணம் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, அவள் வைத்த ரசம் சுமாராகத்தான் இருக்கும். கணக்குதான் அவளுக்கு உயிர். சிலிண்டர் மாற்றிய தேதி, பால் வராத நாள், யாருக்குக் கைமாத்து கொடுத்தாள், எல்லாம் மாதக் காலண்டர் கட்டங்களில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு சங்கிலி விஷயத்தில் தன் தங்கையோடு பல வருஷம் பேசாமல் இருந்தாள். அதே தங்கை ஆஸ்பத்திரியில் படுத்தபோது இரவெல்லாம் கூடவே இருந்தாள், அப்போதும் பேசவில்லை. இதை எழுதினால் அம்மாவுக்கு மரியாதைக் குறைவு என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அவள் அப்படித்தான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எழுதினால் மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த அம்மாவைக் கொண்டு வந்து தருகிறார்கள். போன பதிவைப் படித்துவிட்டு அவளுடைய பள்ளித் தோழி ஒருவர் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்து, ஹையருக்கும் பணம் கட்டியிருந்தாளாம். எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அந்தத் தோழியை நேரில் பார்த்து முழுசாகக் கேட்கப் போகிறேன். அடுத்த பதிவு அதைப் பற்றித்தான்.