மேற்கோள் எண்ணிக்கை மட்டும் போதுமா?
பயிர் மரபியல் ஆய்வாளரின் தாக்கத்தை அவர் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களை, அதாவது மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அவற்றைச் சுட்டிய தடவைகளை, எண்ணியே அளந்துவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. மரபியலுக்கே அடித்தளமான, 1866-இல் அச்சான மெண்டலின் பட்டாணி ஆய்வை 1900 வரை அநேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை. சரி, அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வாளர் டி.எஸ்.வெங்கட்ராமன் கரும்பை நாணல் போன்ற காட்டு இனத்தோடு கலந்து 1918-இல் கோ 205 ரகத்தைத் தந்தார். இன்றைய கரும்புகளின் வம்சாவளியில் அந்தக் காட்டு இனம் இருக்கிறது. மேற்கோள் கணக்கு அதைக் காட்டாது. அப்புறம், உலகமே ஆராயும் செடியைப் பற்றி எழுதினால் மேற்கோள் தானாகக் குவியும். எங்கள் காரைக்குடிப் பக்கத்துக் கறுப்புக் கவுனி அரிசிக்கு? ராத்திரி ஊறவைத்தால் காலையில் தண்ணீர் நாவற்பழச் சாறு மாதிரி நிற்கும், தவிட்டில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமியால். ஆயா அந்தத் தண்ணீரைக் கொட்ட விடமாட்டார், அதிலேயே வேகவைத்துத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்ப்பார். இதன் மரபணுவைப் படிப்பவரை மேற்கோள் காட்ட எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? ஆனால் கலப்பில்லாத விதை எதுவென்று அவர் அடையாளம் காட்டிவிட்டால், கண்மாய்த் தண்ணீரை நம்பி நடவு செய்யும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பெரிய உதவி. விதை எத்தனை வயலுக்குப் போனது என்பதையும் ஆய்வாளரிடம் கேட்க வேண்டும்.