சில்லு கொதித்தால் பிறேக் பாட்டை மாற்றுவதுதான் வைத்தியமா?

கிளிநொச்சிச் சந்தையடியில் நின்று நின்று ஊர்ந்து வந்தால் முன் இடப்பக்கச் சில்லிலிருந்து கருகல் மணம் எழுகிறது என்று சொன்னால், எங்கள் கராஜ்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ட்ரபிக்கில ஓடினா பிறேக் சூடாகும்தானே, பாட்டை மாத்துவம்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நெரிசலில் காற்று குறைவாகப் படுவதால், பாட் கட்டைகள் அழுத்திப் பிடிக்கும் டிஸ்க் தட்டு ஆறுவதற்கு நேரம் எடுக்கும் என்பது உண்மை. ஆனால், மணிக்கு 20 கிலோமீற்றரில் ஊரும் காரை நிறுத்தும்போது எழும் வெப்பம், 80இல் ஓடும் அதே காரை நிறுத்தும்போது எழுவதில் 16இல் ஒரு பங்குதான். ஏ9 வீதியில் மாடு குறுக்கிட்டு ஒரே மிதியில் நிறுத்தியபோது கருகாத பிறேக், சந்தையடியில், அதுவும் ஒரு சில்லில் மட்டும் கருகுகிறதென்றால், காலை எடுத்த பின்னும் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதானே ஐயா பொருள்?

ஜக் வைத்து உயர்த்திச் சில்லைக் கையால் சுழற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? இறுகி நின்றால், பாட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரில் உள்ள, காற்றெடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். உடனே சில்லு விடுபட்டால், அழுத்தம் திரும்பிப் போக வழியின்றிப் பிறேக் ஒயில் தேங்கியிருக்கிறது. உள்ளே வீங்கி அடைத்த றப்பர் ஹோஸ் பெரும்பாலும் அதற்குக் காரணம். தளர்த்திய பின்னும் இறுகியே நின்றால், பாட்டைத் தள்ளும் பிஸ்டனோ, கலிப்பர் வழுக்கி நகரும் ‘பின்’ என்ற தண்டோ இறுகிப் பிடித்துவிட்டது. எங்கள் உள்வீதிகளின் கிறவல் புழுதியும் மாரிச் சேறும் கிழிந்த றப்பர் உறைக்குள் புகுந்தால் பின் பிடிக்காமல் என்ன செய்யும்? அதைக் கழற்றித் துடைத்து, வெப்பம் தாங்கும் கிறீஸ் பூசி, உறையையும் மாற்றினால் வேலை முடிந்துவிடும். உள்பாட் தேய்ந்து வெளிப்பாட் தடிப்பாகவே இருப்பதைக் கழற்றும்போது கண்ணால் கண்டும், இரண்டையும் குப்பையில் எறிந்துவிட்டுப் புதுப்பாட்டுக்குப் பில் நீட்டுகிறார்கள். அதுவும் கருகாமல் விடுமா?

கொதிக்கும் டிஸ்க்கில் வாளித் தண்ணீரை ஊற்றி அதைக் கோணவைக்கும் கெட்டித்தனத்தை என்னவென்பது! பிறேக் ஒயிலை மாற்றச் சொன்னால், "அளவு குறையேல்லையே" என்கிறார்கள். ஈரத்தை உறிஞ்சும் அந்த ஒயிலில், புதிதாக 230 பாகை வரை கொதிக்காத டொட் 4 வகைகூட, ஈரமேறியதும் 155 பாகையளவிலேயே கொதிக்கத் தொடங்கலாம். அப்போது ஆவிக் குமிழிகள் எழுந்து, மிதித்த பெடல் வெறுமனே கீழே போகும். இனிச் சில்லைச் சுழற்றிப் பாராமல் பாட் பெட்டியை எடுக்கும் கராஜிலிருந்து காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவதாக முடிவெடுத்திருக்கிறேன்.