லிமோஜ் கதையில் பாதிதான் வந்திருக்கிறது

பிரான்சின் லிமோஜ் கூடைப்பந்து கிளப் பற்றிய உங்கள் கட்டுரையை, அவர்கள் 1993-ல் ஐரோப்பாவின் பெரிய கோப்பையை வென்றதோடு முடித்துவிட்டீர்கள். அதற்கப்புறம்தான் விஷயமே இருக்கிறது.

லிமோஜ் ஊட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஊர், அவ்வளவுதான். பீங்கானுக்குப் பேர்போனது. ஏதென்ஸ் இறுதிப் போட்டியில் குரோஷிய நட்சத்திரம் குகோச் ஆடிய இத்தாலியின் ட்ரெவீசோ அணியை 59-55 என்று மடக்கினார்கள். ஸ்கோரைப் பார்த்தாலே தெரியும், லிமோஜ் பயிற்சியாளர் மால்கோவிச் ஆட்டத்தை எவ்வளவு மெதுவாக்கினார் என்று. அப்போது ஒரு அணி 30 விநாடி வரை பந்தை வைத்திருக்கலாம் (இப்போது 24). அவர் அதைக் கடைசிச் சொட்டுவரை பயன்படுத்தினார். அறுவை ஆட்டம் என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது. கோத்தகிரியில் ஜூன் மழையில் பாசி பிடித்த சிமெண்ட் தரையைச் சாக்கால் துடைத்துவிட்டு ஆடுகிறவர்களுக்கு, ஓடாமல் ஜெயிப்பதன் அருமை தெரியும்!

சரி, விடுபட்டதற்கு வருகிறேன். 2000-ல் பிரெஞ்சு லீக், பிரெஞ்சுக் கோப்பை, கோராச் கோப்பை (ஐரோப்பிய கிளப்களுக்கான இன்னொரு போட்டி) மூன்றையும் ஒரே சீசனில் வென்றார்கள். அதே கோடையில் கணக்கு வழக்குச் சிக்கலால் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டார்கள். 2004-ல் இன்னும் கீழே, மூன்றாம் பிரிவுக்கு. சம்பளத்துக்கே திண்டாடிய கிளப்பை ஊர்க்காரர்கள் கைவிடவில்லை. கீழ்ப்பிரிவு ஆட்டங்களுக்கும் கிளப்பின் போப்லான் அரங்கத்துக்கு வந்தார்கள். 2014, 2015 என்று அடுத்தடுத்து மறுபடியும் பிரெஞ்சு சாம்பியன். சின்ன ஊர் கிளப் பற்றி எழுதும்போது இந்தப் பகுதியை எப்படி விட்டீர்கள்?