பெல்ட்டுக்கு அபராதமா, டிக்கெட்டுக்கு அபராதமா?

2024 மே மாதம் நாங்குநேரியில் அரசுப் பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர் டிக்கெட் எடுக்க மறுத்து நடத்துனரோடு சண்டை போட்ட வீடியோ பரவியதே, அந்த விவகாரம் சுமுகமாக முடிந்துவிட்டது. காவலரும் நடத்துனரும் கட்டிப்பிடித்துக்கொண்ட வீடியோவை எங்கள் குடும்ப குரூப்பிலேயே ஆளாளுக்கு இதயக் குறியோடு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நல்லது. அந்த இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. டிக்கெட் எடு, எடுக்க மாட்டேன் என்கிற சண்டையை நாம் பேருந்தில் பார்க்காததா? நடுவில் நடந்த கூத்துதான் தாங்கவில்லை. அந்தச் சண்டை வீடியோ பரவியதும் காவல்துறையினர் ஊர் ஊராக அரசுப் பேருந்துகளை ஓரங்கட்டி, டிரைவர் சீட் பெல்ட் போடவில்லை என்று அபராதம் எழுதினார்களே, அது.

அதுவரை அந்த டிரைவர்களின் உயிர் மேல் இல்லாத அக்கறை அந்த ஒரு வாரத்தில் எங்கிருந்து வந்ததோ!

நான் சீட் பெல்ட்டுக்கு எதிரி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் அங்கிருந்துதான் ஆரம்பிப்பீர்கள். 2022இல் இந்தியாவில் பெல்ட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் வண்டி ஓட்டாமல் சும்மா உட்கார்ந்து வந்தவர்கள். பெல்ட் வேண்டும், சட்டமும் வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் அபராதத் தொகையால் ஓடுவதில்லை. என்றைக்குப் போனாலும் கேட்பார்கள் என்ற நினைப்பால்தான் ஓடுகிறது.

கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1968இலேயே போட்டுக் காட்டிய கணக்கு இது. அபராதம் எவ்வளவு என்பதைப் பிடிபடுகிற வாய்ப்போடு பெருக்கினால்தான் தப்பு செய்பவனுக்கு அதன் உண்மையான விலை தெரியும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் பெல்ட் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது. நூறு தடவைக்கு ஒரு தடவை பிடிபடுகிறவனுக்கு, ஒரு பயணத்துக்குப் பத்து ரூபாய். ஒரு டீ கூட வராது. பத்து தடவைக்கு ஒரு தடவை பிடித்திருந்தால் பழைய நூறு ரூபாயே அந்த வேலையைச் செய்திருக்கும். ஆனால் தினமும் பிடிப்பதற்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். தொகையை உயர்த்த ஓர் அரசாணை போதும். அதனால் மலிவானதைச் செய்தோம். போதாக்குறைக்கு, தொகை உயர்ந்தால் சாலையோரப் பேரத்துக்கும் இடம் தாராளம்.

காசு கொடுத்தாவது பெல்ட்டைத் தவிர்க்கிற ஜனம் நாம். கார் பீப் பீப் என்று கத்தாமல் இருக்க பக்கிளில் செருகிவைக்கிற கிளிப் இருக்கிறதே, அதை விற்கக் கூடாது என்று 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. போன மாதம் மதுரையில் ஏறிய டாக்ஸியில் பின்சீட் பெல்ட்டின் பூட்டைத் தேடித் தேடிப் பார்த்தேன், சீட் கவருக்கு அடியில் போட்டு மூடிவிட்டிருக்கிறார்கள். கேட்டால், "பின்னாடியெல்லாம் பிடிக்க மாட்டாங்க மேடம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார் டிரைவர். சிக்னல் வந்ததும் தன்னுடைய பெல்ட்டை இழுத்து, மாட்டாமல், மேல்துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டார். பெக்கரைப் படிக்காமலே அவருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது.

"என் உயிர், என் இஷ்டம்" என்று வருபவர்களுக்கு: 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் பக்கத்தில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் பின்சீட்டில் பெல்ட் போடாத இரண்டு பேர் போனார்கள், முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் பிழைத்தார்கள். பின்னால் இருப்பவர் தூக்கி எறியப்பட்டால் முன்னால் இருப்பவர் மேல்தான் வந்து விழுவார். அப்புறம் விபத்தில் அடிபட்டவர்களுக்குத் தமிழக அரசு சிகிச்சை தருகிற 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவு யார் வரிப்பணம்? இஷ்டம் உங்களுடையது, பில் எங்களுடையதா?

"பெல்ட் போட்டால் தைரியத்தில் வேகமாகத்தான் ஓட்டுவான், பெல்ட்ஸ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1975லேயே சொல்லிவிட்டார்" என்று போன பதிவில் ஒரு நண்பர் பாடம் எடுத்தார். சரி ஐயா. 2003இல் கோஹென், ஐனாவ் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் அமெரிக்க மாநிலங்களின் கணக்கை எடுத்துப் பார்த்து, அப்படி ஓட்டுவதற்கு ஆதாரம் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அதையும் படித்துவிட்டு வாருங்கள்.

"சட்டம் எல்லாருக்கும் பொது, பஸ் டிரைவருக்கு மட்டும் விலக்கா?" இதற்குத்தான் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. விலக்கு யார் கேட்டது? எல்லா நாளும் பிடியுங்கள், நானே கைதட்டுகிறேன். உங்கள் ஆளிடம் டிக்கெட் கேட்ட வாரத்தில் மட்டும் பிடிக்காதீர்கள். அந்த அபராதத்தைப் போக்குவரத்துக் கழகம் கட்டினால் அரசின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது. டிரைவர் தலையில் கட்டினால், டிக்கெட் எடு என்று அவர் சொல்லவே இல்லையே, அவர் எதற்குக் கட்ட வேண்டும்?

எங்கள் அப்பா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஓட்டிய வண்டிகளில் சீட்டே ஒழுங்காக இருக்காது, கிழிந்த ரெக்சினுக்கு மேல் துண்டை மடித்துப் போட்டுத்தான் உட்காருவார். இதில் பெல்ட்டை எங்கே தேடுவது? வைப்பர் ஓடாத வண்டியை ஐப்பசி மழையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதற்கெல்லாம் யாரும் வண்டியை நிறுத்திக் கேட்டதில்லை. நிறுத்தத்தில் அரை அடி தள்ளி நின்றால் மட்டும், மகன் வயதுப் போலீஸ் பையன் லத்தியால் வண்டியைத் தட்டி "யோவ், எடுய்யா" என்பான். ஒருமுறை பள்ளிக்கூடம் விட்டு அதே வண்டியில் வந்துகொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு அப்பா பேசாமல் கியர் போட்டார். அந்த வாரம் தொலைக்காட்சியில் டிரைவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைக் காட்டியபோதும் ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்துபோய்ப் படுத்துவிட்டார்.

காவலர்களின் வேலைச்சுமை தெரியாதா உனக்கு என்பீர்கள். தெரியும், பாவம்தான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கடைசியில் மேலிடத்தில் பேசி முடித்துவிட்டார்கள், அபராதமும் நின்றுவிட்டது. நாளைக்குக் காலையில் அதே டிரைவர் பெல்ட் போடாமல் அதே வழியில் போவார், அதே காவலர் கையசைத்து அனுப்புவார். சட்டம் என்றால் சட்டம் என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் நாளைக்கு அந்த நிறுத்தத்தில் போய் நின்று அதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.