தோத்தா ஏன் தோத்தேன்னு தெரியணும், அதான் எனக்கு கேம்

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்த பதிவு இது. எனக்கு எப்பவும் புடிச்ச கம்ப்யூட்டர் கேம் எதுன்னு யாராவது கேட்டா நான் கிராபிக்ஸ வெச்சு சொல்ல மாட்டேன், கதைய வெச்சும் சொல்ல மாட்டேன். என்னோட அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான். தோத்துப் போனா ஏன் தோத்தோம்னு எனக்கு வெளங்கணும், அடுத்த தடவ என்ன பண்ணணும்னு அந்தத் தோல்விலயே இருக்கணும். கேம் நம்மகிட்ட நேர்மையா நடந்துக்கணும். இந்த ஒரு விஷயத்த வெச்சுப் பாத்தா முப்பது வருஷத்து கேம்ல எனக்கு நெஞ்சுல நிக்கிறது கொஞ்சம்தான்.

முதல்ல பிரின்ஸ் ஆப் பெர்சியா, முள்ளு, பள்ளம், கத்திச் சண்டைன்னு ஓடித் தாவிப் போற கேம். இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. 1989ல ஜோர்டன் மெக்னர்னு ஒருத்தர் டிசைன், புரோகிராமிங், அனிமேஷன் எல்லாத்தையும் தானே பண்ணி ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு எழுதுன கேம் அது, மியூசிக் மட்டும் அவங்க அப்பா. நம்ம ஊர்ல ஸ்கூல் லேப்ல கறுப்பு ஸ்கிரீன்ல பிரின்ஸ்னு டைப் பண்ணி என்டர் தட்டுனது அப்புறமா டாஸுக்கு, அதாவது அந்தக் காலத்து பிசிக்கு, வந்தது. அந்தப் பையன் ஓடுறது, ஓடி வந்து சறுக்கி நிக்கிறது, விளிம்பைப் புடிச்சுத் தொங்கி மேல ஏறுறது எல்லாம் அவ்ளோ உசுரா இருக்கும். காரணம் அது நெஜமாவே ஒரு பையன்தான், மெக்னர் தன் தம்பிக்கு வெள்ளை டிரெஸ் மாட்டி ஓட விட்டு தாவ விட்டு வீடியோ எடுத்து, அதைப் பிரேம் பிரேமா பாத்து வரைஞ்சிருக்கார்.

மொத்தம் 12 லெவல், 60 நிமிஷம். செத்தா அந்த லெவல மறுபடி முதல்ல இருந்து ஆடலாம், எத்தன தடவ வேணா ஆடலாம், ஆனா கடிகாரம் மட்டும் நிக்காது. இதைவிட நியாயமான ஒரு தண்டனைய நான் வேற எந்த கேம்லயும் பாக்கல, ஏன்னா உன்கிட்ட இருந்து லைஃப் புடுங்கல, காசு கேக்கல, நீ வீணாக்குன நேரத்த மட்டும் எடுத்துக்குது.

அப்புறம் அந்த ஷிஃப்ட் கீ. சும்மா ஆரோ கீய அழுத்துனா ஓடிப் போய் முள்ளுல குத்திக்குவான், ஷிஃப்ட புடிச்சுக்கிட்டு அழுத்துனா ஒவ்வொரு அடியா பாத்து வெப்பான், பள்ளத்தோட விளிம்புல கரெக்டா நிப்பான், முள்ளுக்கு நடுவுல கூட மெதுவா நடந்தே போயிடலாம். அவசரப்பட்டா சாவு, நிதானமா போனா நேரம் போகும். மொத்த கேமும் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நடக்குது.

இதுல நிழல் மனுஷன் வருவான் பாருங்க, அந்த இடத்துக்காகவே இதை முதல் இடத்துல வெப்பேன். நாலாவது லெவல்ல ஒரு கண்ணாடி வந்து வழிய மறிக்கும், அதுக்குள்ள பாய்ஞ்சா நம்மள மாதிரியே ஒருத்தன் அந்தப் பக்கம் குதிச்சு ஓடிடுவான். அதுக்கப்புறம் நாம குடிக்க வேண்டிய மருந்த அவன் வந்து குடிச்சிடுவான், நாம தாவி வர்ற நேரம் பாத்து கதவ மூடிடுவான். கடைசி லெவல்ல கத்தியோட எதிர்ல நிப்பான். நாம அவன ஒரு வெட்டு வெட்டுனா நம்ம உசுரு ஒண்ணு கொறையும். அங்கதான் விஷயம் இருக்கு, விடைய கேம் அப்பவே குடுத்துடுது, நம்ம ரத்தத்துலயே எழுதிக் காட்டுது. கீழ் ஆரோவ தட்டி கத்திய உறைல போடணும், அவனும் போட்டுடுவான், அப்புறம் நேரா ஓடிப் போய் அவன் மேல மோதுனா ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவாங்க. அதுவரைக்கும் தரையே இல்லாத எடத்துல கால் வெச்சா தரை வரும். பக்கம் பக்கமா வசனம் எதுவும் இல்லாம ஒரு கேம் இவ்ளோ பெரிய விஷயத்த நம்ம கையாலயே செய்ய வெக்குது.

இந்த நிழல் எப்படி வந்துச்சு தெரியுமா? கம்ப்யூட்டர்ல மெமரி தீந்து போச்சு, புது எதிரி ஒருத்தன வரைஞ்சு சேக்க எடமே இல்ல, அதனால ஹீரோவோட அதே படங்கள ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு கணக்கு போட்டு வேற மாதிரி காட்டி நிழல் ஆக்கிட்டாங்க. இல்லாத கொறைல இருந்து இப்படி ஒண்ணு பொறந்திருக்கு. அந்த ஒரிஜினல் சோர்ஸ் கோடு பல வருஷம் காணாம இருந்து, அவங்க அப்பா வீட்டுல இருந்த பிளாப்பில கெடச்சு, 2012ல மெக்னர் அதை எல்லாரும் படிக்கிற மாதிரி இணையத்துல போட்டுட்டார்.

அதே லேப்ல டேவும் ஆடுவோம், டேஞ்சரஸ் டேவ், தொப்பி போட்ட பையன், கோப்பைய எடுத்தாதான் கதவு தொறக்கும். அதைப் பண்ண ஜான் ரொமேரோதான் பின்னாடி ஜான் கார்மாக் கூட சேந்து 1993ல டூம்ங்கிற பெரிய துப்பாக்கி கேம கொண்டு வந்தவர். அதுக்கு நடுவுல 1990ல கார்மாக்கும் டாம் ஹாலும் ராத்திரியோட ராத்திரியா உக்காந்து மேரியோ 3யோட முதல் லெவல பிசில அப்படியே ஓட வெச்சு, மேரியோ எடத்துல இந்த டேவையே நிக்க வெச்சாங்க. டூம் பண்ண ஐடி சாஃப்ட்வேர்னு ஒரு கம்பெனி வர்றதுக்கே அதான் வெத. நாம சின்னப் புள்ளையா தட்டிக்கிட்டு இருந்த டேவுக்குப் பின்னாடி இப்படி ஒரு வரலாறு இருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

அடுத்தது கவுன்டர் ஸ்டிரைக் 1.6, ரெண்டு டீமா பிரிஞ்சு ரவுண்டு ரவுண்டா சுட்டுக்குற கேம். பிரவுசிங் சென்டர்ல லேன் போட்டு, அதாவது கம்ப்யூட்டர எல்லாம் ஒண்ணா இணைச்சு, ஆடுனவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. இதுவும் பெரிய கம்பெனி உக்காந்து திட்டம் போட்டு எடுத்தது கிடையாது, மின் லீ, ஜெஸ் கிளிஃப்னு ரெண்டு பேர் ஹாஃப் லைஃப் கேமுக்கு மேல மாடா, அதாவது அந்த கேமையே மாத்தி அமைச்சு, 1999ல விட்டது, அப்புறம்தான் ஹாஃப் லைஃப் பண்ண வால்வ் கம்பெனி வாங்கிச்சு. இதோட அழகே செத்தா செத்ததுதான். ரவுண்டு முடியற வரைக்கும் கபடில அவுட் ஆனவன் கோட்டுக்கு வெளிய உக்காந்து பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருக்கணும். அந்த நேரத்துலதான் ஏன் செத்தோம்னு யோசிப்போம், பக்கத்து சீட்டுக்காரனும் சும்மா இருக்க மாட்டான், "டனல்ல ஏன்டா ஓடுன, சத்தம் கேக்காதா"ன்னு காதுலயே கத்துவான். இங்கயும் ஷிஃப்ட் கீதான், சுண்டு விரல அதுல வெச்சு அழுத்திக்கிட்டே நடந்தா காலடிச் சத்தம் வராது, விட்டுட்டு ஓடுனா எதிரி ஹெட்செட்ல நம்ம வர்ற தெச வரைக்கும் கேட்டுடும். பிரின்ஸ்ல கத்துக்கிட்ட அதே பாடம்.

காசு கணக்கும் அப்படித்தான். முதல் ரவுண்டுல எல்லாருக்கும் 800 டாலர், பிஸ்டல்தான். அப்புறம் ஜெயிச்சா கை நெறய வரும், தீவிரவாதி (டி) சைடுக்கு ஏகே துப்பாக்கி 2500, அவங்கள எதிர்க்குற (சிடி) சைடுக்கு எம்4 துப்பாக்கி 3100. காசு இல்லாத ரவுண்டுல டீமே சேந்து எதுவும் வாங்காம கட்டுப்படுத்திக்கிட்டா அடுத்த ரவுண்டுல எல்லார் கைலயும் துப்பாக்கி இருக்கும், ஒருத்தன் ஆசைப்பட்டு வாங்குனா மொத்தமும் போச்சு. நெஜக் காசு குடுத்து எவனும் ஒரு புல்லட் கூட அதிகமா வாங்க முடியாது. டஸ்ட் 2 மேப் 2001ல டேவிட் ஜான்ஸ்டன் போட்டது, இன்னிக்கும் ஆடுறாங்க, லாங், மிட், டனல்னு அதுல இருக்குற வழி எல்லாம் கண்ண மூடிக்கிட்டு நடப்பேன்.

இப்ப ஐஜிஐ, எதிரி முகாமுக்குள்ள தனி ஆளா நொழையுற கேம். இதுல என் அளவுகோலுக்கே ஒரு சோதன வருது. 2000 கடைசில நார்வேல இன்னர்லூப்னு ஒரு ஸ்டுடியோ பண்ணது, நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் இருந்த வீட்டுல எல்லாம் இந்த சிடி இருந்துச்சு. மிஷன் நடுவுல சேவ் பண்ண முடியாது, முக்காவாசி முடிச்சு ஒரு குண்டு பட்டா மறுபடி முதல்ல இருந்து. அலாரம் அடிச்சிட்டா ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க, கொன்னு தீராது. இது நேர்மையான்னு கேட்டா கேக்கலாம், நெறய பேர் கேட்டிருக்காங்க. நான் என்ன சொல்றேன்னா, இது சுடுற கேம்னு நெனச்சு ஆடுனாதான் அது அநியாயம். கேம ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர், அந்த எஞ்சினே ஜாயின்ட் ஸ்டிரைக் ஃபைட்டர்னு ஒரு விமான சிமுலேட்டருக்கு அவங்க எழுதுனது, அதனாலதான் கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் மலையும் வெளியுமா இருக்கும், மத்த கேம் எல்லாம் அறைக்குள்ள ஓட விட்டுக்கிட்டு இருந்த காலத்துல. மலை மேல படுத்துக்கிட்டு பைனாகுலர்ல எத்தன கேமரா, எந்த டவர்ல ஸ்னைப்பர், எந்த ரூம்ல செக்யூரிட்டி கம்ப்யூட்டர்னு பாத்து வெச்சுக்கிட்டு, மேப்ப தொறந்து சாட்டிலைட்ல இருந்து கட்டடத்த பாத்து, அப்புறம் எறங்குனா ஒரு அலாரம் அடிக்காம முடிக்கலாம். கேமராவ ஆஃப் பண்ணாம போனவனுக்குத்தான் அந்த முடிவில்லாத கூட்டம். ஆனா சேவ் இல்லாதது கொஞ்சம் கொடுமதான், அதை நான் மறுக்கல. அடுத்த பார்ட்ல அவங்களே கொஞ்சம் சேவ் குடுத்துட்டாங்க.

ஜிடிஏ வைஸ் சிட்டி கேம் எங்கன்னு சண்டைக்கு வராதீங்க. கார எடுத்துக்கிட்டு ரேடியோவ போட்டுட்டு பீச் ரோட்ல போறது எனக்கும் உசுருதான், ஆனா அது சுத்திப் பாக்குற ஊரு, அதுல நான் தோத்ததும் ஞாபகம் இல்ல ஜெயிச்சதும் ஞாபகம் இல்ல. பொம்ம ஹெலிகாப்டர் மிஷன் மட்டும் ஞாபகம் இருக்கு.

சரி, ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2, ஒரு நாட்ட வளத்து படை கட்டி சண்ட போடுற கேம். 1999ல டல்லஸ்ல இருந்த என்செம்பிள் ஸ்டுடியோஸ் பண்ணது, நான் இன்னிக்கும் வாரா வாரம் ஆடுற ஒரே பழைய கேம். மூணு வில்லேஜர் (வேல செய்ற ஊர்க்காரங்க), வேவு பாக்க ஒரு ஸ்கவுட் குதிர, புது ஆளுங்கள உருவாக்குற ஒரு டவுன் சென்டர், இதோட ஆரம்பிக்கும். ஒரு வில்லேஜருக்கு 50 சாப்பாடு, 25 செகண்டு. டவுன் சென்டர் ஒரு நிமிஷம் சும்மா நின்னா ரெண்டு ஆள் கொறவு, அந்த ரெண்டு ஆள் வெட்ட வேண்டிய மரம் கொறவு, அப்புறம் அரை மணி நேரம் கழிச்சு எதிரி பத்து குதிரையோட வர்றப்ப நம்மகிட்ட ஈட்டிக்காரன் இல்லாம போறதுக்குக் காரணம் அந்த ஒரு நிமிஷம்தான். ஆட்டம் முடிஞ்சதும் ரெக்கார்டிங்க ஓட்டிப் பாத்தா அந்த எடம் பளிச்சுன்னு தெரியும்.

இதுல பன்னி இழுத்துட்டு வர்றதுன்னு ஒண்ணு இருக்கு, புதுசா ஆடுறவங்களுக்கு அதைத்தான் முதல்ல சொல்லிக் குடுப்பேன். ஒரு ஆட்டுல 100 சாப்பாடு, காட்டுப் பன்னில 340. ஆனா பன்னி திருப்பி அடிக்கும், தனியா நின்னு சண்ட போட்டா வில்லேஜர் செத்துடுவான். அதனால ஒருத்தன அனுப்பி அம்பு விட்டு, அது தொரத்த ஆரம்பிச்சதும் அவன அப்படியே டவுன் சென்டர் பக்கம் ஓட வெச்சு, அங்க ஆடு வெட்டிக்கிட்டு இருக்கிறவங்க எல்லாத்தையும் ஒரே நேரத்துல பன்னி மேல விடணும். ஒரு அடி தள்ளிப் போனா பன்னி திரும்பிப் போயிடும், ரொம்ப கிட்ட வந்தா ஆள் காலி. முதல் அஞ்சு நிமிஷத்துலயே ஒருத்தனோட கைய பாத்து அவன் எவ்ளோ ஆடியிருக்கான்னு சொல்லிடலாம்.

என்செம்பிள் 2009லயே மூடியாச்சு. ஆடிக்கிட்டு இருந்தவங்க விடல, அவங்களே கூடி புது நாடுகள் எல்லாம் போட்டு எக்ஸ்பான்ஷன்னு ஒரு கூடுதல் பாகம் பண்ணாங்க, அதை 2013ல மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாவே எடுத்துக்கிச்சு, அந்த டீம்தான் கேம புதுப்பிச்சு 2019ல வந்த டெஃபினிட்டிவ் எடிஷனுக்கும் வேல பாத்துச்சு. 2022 ஏப்ரல்ல டைனாஸ்டிஸ் ஆப் இந்தியான்னு இன்னொரு கூடுதல் பாகம் வந்துச்சு பாருங்க, அதுல திராவிடர்கள்னு ஒரு நாடு. அதுக்கு முன்னாடி இந்தியர்கள்னு மொத்தமா ஒண்ணே ஒண்ணுதான், இந்தி பேசுவாங்க. இப்ப நான் கிளிக் பண்ணா என் வில்லேஜர் தமிழ்ல பதில் சொல்றான். மரம் வெட்டச் சொன்னா தமிழ், வீடு கட்டச் சொன்னா தமிழ். சின்ன வயசுல இருந்து இங்கிலீஷ்காரனையும் ஜப்பான்காரனையும் வெச்சு ஆடுன எனக்கு அது எப்படி இருந்துச்சுன்னு எழுதித் தீராது. சுருள் வாள் வீசுற உருமி வீரன், திரிசடைன்னு பெரிய போர்க்கப்பல், ராஜேந்திர சோழன் பேருல தனி கேம்பெயின், அதாவது கதையோட வர்ற மிஷன் வரிச.

இந்த திராவிடர் நாட்டுல பல பேர் கொற சொல்றது குதிரப் படைய. நைட்னு கேம்ல வர்ற கனத்த குதிர வீரன் கிடையாது, குதிர ரொம்ப வீக். எனக்கு அதான் ரொம்பப் புடிச்சது, ஏன்னா வரலாறும் அதைத்தான் சொல்லுது. நம்ம பக்கம் நல்ல குதிர வளந்ததே இல்ல, பட்டினப்பாலைலயே குதிர கடல்ல வந்து எறங்குது, 13ஆம் நூற்றாண்டுல வந்த மார்க்கோ போலோ பாண்டிய ராஜாங்க அரபு தேசத்துக் குதிரைக்குக் கொட்டுன பணத்தப் பத்தியும், சரியா பாத்துக்கத் தெரியாம அதுங்க செத்துப் போனதப் பத்தியும் எழுதி வெச்சிருக்கார். அதுக்குப் பதிலா கேம்ல கடலும் காலாட்படையும் குடுத்திருக்காங்க, ஒவ்வொரு ஏஜ் (காலகட்டம்) ஏறும்போதும் 200 மரம் கெடைக்கும், மீன் படகு 15 சுமை கூட எடுக்கும், வூட்ஸ் ஸ்டீல்னு நம்ம பழைய உருக்கோட பேருல ஒரு டெக்னாலஜி போட்டா நம்ம கத்தி எதிரியோட கவசத்த மதிக்காது. அந்த இரும்புக்கு நம்ம கொடுமணல்ல ஆதாரமே கெடச்சிருக்கு. பலவீனத்தக் கூட நெஜத்துல இருந்து எடுத்திருக்காங்க, நான் தோத்தா அதுக்குள்ள ஒரு காரணம் இருக்கு.

இப்ப வர்ற மொபைல் கேம் பல எனக்கு ஒட்ட மாட்டேங்குதுன்னா காரணம் இதான். தோத்தா "இதை வாங்கு"ன்னு பொட்டிய நீட்டுது. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம காசு குடுத்து வாங்குற அந்தப் பொட்டிய 2018லயே பெல்ஜியம் சூதாட்டம்னு சொல்லிடுச்சு. நம்ம வீட்டுப் புள்ளைங்க கைல அது இருக்குன்றப்ப எனக்கு நெஜமாவே கவலையா இருக்கு.

அதுக்காக பழசு மட்டும்தான் நல்லதுன்னு சொல்ல வரல. 2018ல வந்த ரிட்டர்ன் ஆப் தி ஓப்ரா டின், லூகாஸ் போப் கிட்டத்தட்ட தனியா பண்ணது, இதைக் கண்ண மூடிக்கிட்டு இந்த வரிசைல சேப்பேன். 1807, ஆளே இல்லாம ஒரு கப்பல் திரும்பி வருது, 60 பேருக்கு என்ன ஆச்சுன்னு ஒவ்வொருத்தரா நாம கண்டுபுடிக்கணும், யாரு, எப்படி செத்தான், யாரு கொன்னது. கறுப்பு வெள்ள ரெண்டே நெறம். மூணு பேரோட கத சரியா இருந்தாதான் கேம் சரின்னு சொல்லும், அதனால குத்து மதிப்பா அடிச்சு விட முடியாது. ஆனா விடை எல்லாம் அங்கயே இருக்கு, தூங்குற தூளியோட நம்பர்ல, பேசுற விதத்துல, போட்டிருக்குற துணில. தயவுசெஞ்சு யூடியூப்ல இதைப் பாத்துடாதீங்க, விடை தெரிஞ்சுட்டா மறுபடி ஆட முடியாது, வாழ்க்கைல ஒரு தடவதான்.