ஏரியைச் சுத்தி கார் ஓட்டத்தான் கொடைக்கானல் வர்றீங்களா?

சீசன் முடியட்டும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், முடியல, இன்னிக்கு கொட்டித் தீத்துடறேன். எங்க ஊரு ஏரிய சுத்தி ஒரு ரோடு இருக்கு, சுமாரா அஞ்சு கிலோமீட்டர், பேச்சுக் குடுத்துக்கிட்டே நடந்தாக்கூட ஒன்றரை மணி நேரத்துல சுத்திடலாம். அந்த ரோட்டுல நடக்கறதுதான் கொடைக்கானலோட உசுரு. ஒரு வளைவு திரும்பினா தண்ணி ஒரு மாதிரி தெரியும், அடுத்த வளைவுல யூகலிப்டஸ் வாசம் வரும், திடீர்னு பனி வந்து எதிர்க்கரைய மறைச்சிடும், அஞ்சு நிமிசத்துல விலகிடும். இத அனுபவிக்கத்தான் கீழருந்து இம்புட்டு பேர் இம்புட்டு செலவு பண்ணி மலை ஏறி வர்றாங்கன்னு நெனச்சா, இல்லவே இல்லங்க. ஏப்ரல் மே ரெண்டு மாசமும் இந்த அஞ்சு கிலோமீட்டரையும் காருக்குள்ள உக்காந்து சுத்தறதுக்குத்தான் வர்றாய்ங்க. கண்ணாடிய முழுசா ஏத்தி விட்டுட்டு, பாட்டு போட்டுக்கிட்டு, உள்ள ஏசி வேற ஓடுது. ஏழாயிரம் அடி உயரத்துல ஏசி எதுக்குங்க?

சனிக்கிழமை மத்தியானம் ஏரி ரோட்டுக்கு வந்து பாருங்க. போட் கிளப் பக்கத்துல ஆரம்பிக்கிற வரிசை அந்தப் பக்கம் பிரையண்ட் பார்க் வரைக்கும் அசையாம நிக்கும். நடந்து போற ஆயா காரத் தாண்டிப் போகுது, குதிர தாண்டிப் போகுது, வாடகை சைக்கிள் எடுத்த சின்னப் பசங்க தாண்டிப் போறாங்க, காருக்குள்ள இருக்கறவரு மட்டும் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்காரு. யாருக்கு அடிக்கிறீங்க அண்ணே? முன்னாடி நிக்கிறவனுக்கு றெக்கையா இருக்கு? போன வாரம் கண்ணு முன்னாடி பாத்தேன், ஒரு டெம்போ டிராவலர்க்காரர் குதிரைக்குப் பின்னாடி வந்து ஏர் ஹாரன விட்டாரு, அந்தக் குதிர மேல ஒரு ஏழெட்டு வயசுப் புள்ள உக்காந்திருக்கு, குதிர மிரண்டு தார் ரோட்டுல லாடம் சர்ருனு வழுக்குது, குதிரைக்காரத் தம்பி கடிவாளத்துல தொங்கித்தான் நிறுத்தினான், அவன் முழங்கை தோல் உரிஞ்சு ரத்தம் வருது, புள்ள வீல்னு கத்துது, டிரைவர் ஜன்னல இறக்கி அவனத்தான் திட்டறாரு, ரோட்ட மறிக்கிறியாம்னு. ரோட்ட மறிச்சது குதிரையா? சொல்லுங்க.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேக்கலாம், சொல்றேன். எங்க வீடு அப்சர்வேட்டரி பக்கம். டவுனுக்கு வரணும்னா மேல் ஏரி ரோட்டுலயோ, தண்ணிய ஒட்டிச் சுத்தற கீழ ஏரி ரோட்டுலயோதான் வந்தாகணும், எங்களுக்கு வேற பாதை கிடையாது. அம்மாவுக்கு வீசிங் உண்டு. மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மூச்சு ரொம்ப இழுத்துருச்சு, பக்கத்து வீட்டுத் தம்பி ஜீப்ல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினோம், மேல ரோடு அடைச்சுக் கெடக்குன்னு கீழ ரோட்டுல இறங்கினோம். சாதாரண நாள்ல பத்து நிமிசம் ஆகுமா. ஏரி வளைவுல ஒரு வெள்ளக் கார் நடு ரோட்டுல நிக்குது, நாலு கதவும் தெறந்து கெடக்குது, வண்டில வந்தவங்க எல்லாரும் ஏரிக்கரை கம்பி வேலி மேல ஏறி வரிசையா நின்னு வீடியோ எடுத்துக்கிட்டு இருக்காங்க, அந்தப் பாட்டு முடியற வரைக்கும் ஆடணுமாம். நான் இறங்கிப் போய், "அண்ணே, அம்மாவுக்கு மூச்சு முட்டுது, கொஞ்சம் வண்டிய ஓரம் கட்டுங்கண்ணே"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அதுக்கு அவரு சொன்ன பதில், "ஒரு நிமிசம்ங்க, எல்லாரும்தான டிராபிக்ல நிக்கிறோம்." எங்கம்மா ஜீப்ல முன்சீட்டு கம்பியப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு உக்காந்திருக்காங்க, உதடு கறுத்துப் போச்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்ட ரெண்டும் மேல ஏறி இறங்குது. கடைசில சோளம் விக்கிற அக்காவும் ரெண்டு குதிரைக்காரங்களும் ஓடியாந்து சத்தம் போட்டு கார்களக் கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கி வழி விட்டாங்க. ஆஸ்பத்திரில நெபுலைசர் வச்சாங்க, அம்மா இப்ப நல்லா இருக்காங்க. ஆனா அந்த "ஒரு நிமிசம்ங்க" இன்னும் காதுலயே இருக்கு. என்னால மன்னிக்க முடியல.

உடனே ஒருத்தர் வருவாரு, "டூரிஸ்ட் வந்தாத்தானப்பா உங்க ஊர்ல சோறு"ன்னு. சரி, அந்தக் கணக்கையும் பாப்போம். ஏரிக்கரைல யாரு பொழைக்கிறா? வாடகை சைக்கிள் விடறவரு, குதிரைக்காரர், அவிச்ச கடலையும் சோளமும் விக்கிற அக்கா, மிளகா பஜ்ஜி கடக்காரர், போட் ஓட்டறவங்க. இவங்க எல்லாருக்கும் காசு வர்றது கார விட்டு இறங்கி நடக்கற ஆளுகிட்டருந்துதான். கண்ணாடிய ஏத்திக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு கீழ போற காரால இந்த ரோட்டுல யாருக்கு அஞ்சு பைசா பிரயோஜனம்? பெட்ரோல் பங்க்காரருக்குக்கூட இல்ல, அதயும் வத்தலக்குண்டுலயே புல் பண்ணிட்டுத்தான ஏறுறீங்க. நெரிசல் ஆக ஆக இறங்கி நடக்கறவன் எண்ணிக்கைதான் குறையுது. அந்த சோளக்கார அக்கா என்கிட்ட சொன்னாங்க, ரோடு காலியா இருக்கற செவ்வாய் புதன்லதான் நின்னு நிதானமா வாங்கித் தின்னுட்டுப் போறாங்களாம், சனி ஞாயிறுல காருக்குள்ளருந்து கைய நீட்டி வெல கேக்கறதோட சரி, அதுக்குள்ள முன்னாடி வண்டி நகந்துருமாம்.

இந்த ஏரிய யாரோ எதுக்கோ கட்டிப் போட்டதில்லைங்க. 1863ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்சுங்கறவரு ஓடைய மறிச்சு கரை கட்டி உண்டாக்கினது, சுமார் 60 ஏக்கர் தண்ணி, மேலருந்து பாத்தா நட்சத்திரம் மாதிரி கை கையா விரிஞ்சு கெடக்கும். இது நிரம்பி வழியற தண்ணிதான் கீழ வெள்ளி நீர்வீழ்ச்சியா விழுது. நீங்க மலை ஏறும்போது மொத மொதல்ல வண்டிய நிறுத்தி முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறீங்களே, குரங்குக்கு சிப்ஸ் பாக்கெட் தூக்கிப் போடறீங்களே, அதே அருவிதான். ஏரில எறியற சோளத் தட்டை, டயப்பர், தண்ணி பாட்டில் எல்லாத்துக்கும் கீழ போற வழி அதுதான். 2024ல சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபா பசுமை வரின்னு போட்டாங்க, வரியக் கட்டிட்டு அதே பாட்டிலத் தண்ணில வீசிட்டுப் போறத பாத்திருக்கேன், காசு குடுத்துட்டமே அப்புறம் என்னங்கற மாதிரி.

வெளியூர் வண்டிங்க ஆன்லைன்ல பதிஞ்சு வாங்கற இ-பாஸ் இருக்கேன்னு சொல்வீங்க. இருக்கு, ஐகோர்ட் உத்தரவு போட்டு 2024 மே 7லருந்து கொண்டு வந்தாங்க, எங்களுக்கும் ஊட்டிக்கும். அடுத்த வருசம் எண்ணிக்கையும் கட்டுனாங்க, கொடைக்கானலுக்கு சாதா நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறுல 6000. நல்ல விசயம், கோர்ட்டுக்கு நன்றி. ஆனா கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. அஞ்சு கிலோமீட்டர் ரோட்டுல ஒரு காருக்குப் பின்னாடி இன்னொரு கார ஒட்டி ஒட்டி நிறுத்தினாக்கூட ஆயிரத்துச் சொச்சம் காருக்கு மேல கொள்ளாது. அப்ப அந்த ஆறாயிரத்துல அஞ்சுல ஒரு பங்கு ஒரே நேரத்துல ஏரிக்கு வந்தாலே போதும், முழு வட்டமும் அடைச்சிடும். அதுக்கு மேல உள்ளூர் வண்டி, கவர்மெண்ட் பஸ், தண்ணி லாரி, கேஸ் வண்டி எல்லாம் இருக்கு. எத்தன வண்டி மலைக்கு வரலாம்னு யோசிச்சாங்க, சரி, வந்த வண்டி எங்க நிக்கணும், எந்த ரோட்டுல போகக்கூடாதுன்னு யாருமே யோசிக்கலயே! ஊட்டில இருக்கற எங்க சித்தி பொண்ணு இதையேதான் சொல்றா, சேரிங் கிராஸ்லருந்து ஏரி போட் ஹவுஸ் போறதுக்குள்ள பொழுது விடிஞ்சு பொழுது சாயுதாம், அங்க சனி ஞாயிறு 8000 வண்டி.

கட்டுப்பாடு போட்டா ஜனம் வராதுன்னு பயப்படறாங்க. இங்கயே காட்டுக்குள்ள இருக்கற பேரிஜம் ஏரிக்கு என்ன கொறஞ்சு போச்சு? வனத்துறை பாஸ் இல்லாம உள்ள விட மாட்டாங்க, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல வண்டி போக முடியாது, சாயங்காலம் ஆனா வெளிய வந்துடணும். போட்டும் கிடையாது பஜ்ஜியும் கிடையாது. அந்த பாஸ் வாங்கறதுக்கு காலைலயே வரிசைல போய் நிக்கறாங்க ஜனம், போயிட்டு வந்து அதத்தான் பெருமையா சொல்றாங்க. ஏன்? அங்க போனா தண்ணி சத்தம் கேக்கும், ஹாரன் கேக்காது.

எனக்கு மனசு வலிக்கிறது வேற ஒன்னு. எங்க ஊர்ப் புள்ளைங்களுக்கும் மே மாசம்தான் முழுப் பரீட்சை லீவு. நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப மே மாசம் முழுக்க ஏரி ரோட்டுலதான் கெடந்தோம், வாடகை சைக்கிள் அண்ணன் சாயங்காலம் சவாரி முடிஞ்சதும் எங்களுக்குச் சும்மாவே குடுப்பாரு, ஒரு சுத்து யாரு மொதல்ல வர்றான்னு பந்தயம். இன்னிக்கு என் மகன அந்த ரோட்டுல சைக்கிள்ல விட எனக்குத் தைரியம் இல்ல. ஏரி இருக்கற ஊர்ல பொறந்த புள்ளைய, லீவு நாள்ல, ஏரிக்குப் போகாதடான்னு வீட்டுக்குள்ள உக்கார வைக்கிறேன். யாருக்காக? காருக்குள்ளருந்தே கொடைக்கானல் பாக்கணும்னு நெனைக்கிறவங்களுக்காக. இது என்ன நியாயம்?

உங்க நிலைமையவும் யோசிச்சுப் பாக்கத்தான் செய்றேன். வருசம் பூரா வெயில்லயும் வேலைலயும் கெடந்து, ரெண்டு நாள் லீவு போட்டு, வயசான அப்பா அம்மாவ, கைக்குழந்தைய கூட்டிக்கிட்டு வர்றீங்க, நல்லா வாங்க, இது எங்களுக்கு மட்டும் எழுதிக் குடுத்த மலை இல்ல. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு கெளம்பி, பெருமாள்மலைல மாட்டி, மூஞ்சிக்கல்ல மாட்டி, ஏழு ரோடு சந்திப்புல மாட்டி, ஏரிக்கு வந்து அங்கயும் காருக்குள்ளயே இருந்துட்டு, தூண்பாறை ரோட்டுல மறுபடி மாட்டி, இருட்டினதும் குழந்த வாந்தி எடுக்க எடுக்க மலை இறங்கறீங்களே, இதுல உங்களுக்கு என்னதான் கெடச்சது? ரூம்லயே வண்டிய விட்டுட்டு காலைல ஆறு மணிக்கு இறங்கி நடங்க. அந்த நேரத்துல ஏரி மேல பனி கெடக்கும், ரோட்டுல பால்காரரும் ரெண்டு நாயும்தான் இருக்கும். முடியாத பெரியவங்களுக்கு கரையோரம் பெஞ்சு இருக்கு, போட் இருக்கு, உக்காந்தே பாக்கலாம். அத விட்டுட்டு எட்டு மணி நேரம் பம்பரையே பாத்துட்டுப் போகாதீங்க.

நகராட்சிக்கும் போலீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நாங்க கேக்கறது பெரிய திட்டம் ஒன்னும் இல்ல. சீசன் ரெண்டு மாசமும் காலைல ஆறுலருந்து பத்து வரைக்கும், சாயங்காலம் நாலுலருந்து ஏழு வரைக்கும் கீழ ஏரி ரோட்டுல வெளியூர் கார விடாதீங்க. ஆம்புலன்ஸ், பஸ், அந்த ரோட்டுல குடியிருக்கறவங்க வண்டி, நடக்க முடியாதவங்கள ஏத்தி வர்ற வண்டி, இது போதும். மத்தவங்க மேல் ரோட்டுல ஒருவழியா போகட்டும், வண்டிய ஊருக்கு வெளியவே நிறுத்தறதுக்கு எடம் ஒதுக்கி அங்கருந்து மினி பஸ் விடுங்க. கோடை விழாவுக்கு மலர் கண்காட்சி மேடை போட முடியுது, விஐபி வந்தா ஒரு மணி நேரத்துல அதே ரோட்ட துடைச்சு வச்ச மாதிரி காலி பண்ண முடியுது, கம்பு கட்டி கயிறு கட்டி எல்லா வளைவுலயும் போலீஸ் நிக்குது, அத நாங்க வருசா வருசம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். அப்ப முடியாதுன்னு இல்லல்ல? எங்கம்மா போற ஜீப்புக்கும் அந்த ரோட்ட காலி பண்ணுங்க.